அனுப்பியாச்சு... போய்ச் சேர்ந்ததா?

"போன் வரலீங்க. அதனால நல்ல சேதிதான்னு நெனைச்சுக்கிட்டேன்."

மணப்பாறைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்த அந்த அம்மா சிரித்த முகத்தோடு இப்படிச் சொன்னபோது, எனக்கு உள்ளங்கை சில்லிட்டுப் போயிற்று. ஏனென்றால் அவர் ரிப்போர்ட்டை நான் படித்திருந்தேன். அது நல்ல சேதி இல்லை. அதை டாக்டரம்மாவுக்கு அனுப்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது. இன்னும் யாரும் இவரைக் கூப்பிடவில்லையா?

திருச்சியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் ரிகார்டு செக்‌ஷனில் நான் வேலை பார்க்கிறேன். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, காவிரிப் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போக ஆரம்பித்து இருபத்தாறு வருஷம். கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. லெட்ஜரிலிருந்து டைப்ரைட்டர், டைப்ரைட்டரிலிருந்து கம்ப்யூட்டர் என்று காலம் தள்ளிக்கொண்டு வந்த தலைமுறை. அப்படிப்பட்ட நான் ஈ-மெயில் விலாசத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் என் கையால் நடந்த தப்பு இது. நானே சொன்னால்தான் சரியாக இருக்கும்.

அந்த அம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. இடது மார்பில் சின்னதாக ஒரு கட்டி. "வலிக்கவே இல்லையே, எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று மூன்று மாதம் தள்ளிப்போட்டிருக்கிறார். (வலி இல்லாத கட்டி என்பதாலேயே அதை அலட்சியம் செய்யக் கூடாது என்பதைச் சகோதரிகள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.) மகள் பிடிவாதம் பிடித்து அழைத்து வந்தாள். எங்கள் டாக்டரம்மா ஊசி போட்டுச் சதைத்துணுக்கு எடுத்து, பயாப்ஸி பரிசோதனைக்கு வெளியூர் லேபுக்கு அனுப்பினார். "ரிசல்ட் வந்ததும் நாங்களே போன் பண்றோம்" என்று சொல்லி இருவரையும் ஊருக்கு அனுப்பினோம்.

ரிசல்ட் ஏழாம் நாளே ஈ-மெயிலில் என் பெட்டிக்கு வந்துவிட்டது. அன்று மதியமே டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன். "அனுப்பியவை" என்ற பகுதியில் தேதி, மணி, நிமிஷத்தோடு அது உட்கார்ந்திருக்கிறது. ஆனால் டாக்டரம்மாவுக்கு அது போய்ச் சேரவே இல்லை! வெளியூர் லேபில் சில சமயம் மூன்று வாரம்கூட ஆகும் என்பதால் அவரும் தேடவில்லை. அந்த அம்மா ஒரு கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கத் திருச்சி வந்தவர், 'எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போவோம்' என்று எட்டிப் பார்த்தார். பார்க்காமல் போயிருந்தால்? நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

வீடு மாறிய ஆஸ்பத்திரி

என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியின் ஈ-மெயிலெல்லாம் பல வருஷமாக ஒரு பின்னறையில் இருந்த பெரிய கம்ப்யூட்டரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதில் இருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மெயில் அமைப்பு. அதற்கான பராமரிப்பு உலகம் முழுவதுமே 2023 ஏப்ரலோடு நின்றுவிட்டது. பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லாத பெட்டியில் நோயாளிகளின் விவரத்தை வைத்திருப்பது சரியில்லை என்று, 2023 தீபாவளி லீவில் எல்லாவற்றையும் இன்டர்நெட் வழியாக இயங்கும் புது மெயில் அமைப்புக்கு மாற்றினார்கள். வெளியிலிருந்து ஒரு கம்பெனி ஆட்கள் வந்து செய்தார்கள்.

லீவு முடிந்து போனால், பழைய மெயில்கள் எல்லாம் அப்படியே இருந்தன. விலாசமும் மாறவில்லை. வெளியிலிருந்து வருவது வருகிறது, நாம் வெளியே அனுப்புவது போகிறது. "அடேயப்பா, வீடு மாத்தினதே தெரியலையே!" என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம்.

ஆனால் அந்த வாரமே சில சில்லறைத் தொந்தரவுகள். செவ்வாய்க்கிழமை தோறும் நடக்கும் டாக்டர்கள் கூட்டத்தின் நேரத்தை நான்தான் கம்ப்யூட்டர் காலண்டரில் மாற்றி அனுப்புவேன். அப்படி அனுப்பியதும் "அன்டெலிவரபிள்" என்ற தலைப்போடு வரிசையாக இருபது மெயில் திரும்பி வந்து விழுந்தது. பிரித்தால் பக்கம் பக்கமாக இங்கிலீஷும் எண்களும் அடிக்கோடுகளும்! கம்பெனி ஆளுக்குப் போன் போட்டேன். "இப்பத்தானே மாத்தியிருக்கு மேடம், ரெண்டு நாள்ல தானா சரியாயிடும்" என்றார்.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். திரும்பி வரும் மெயில்கள் என் பெட்டியை அடைத்துக்கொண்டு வேலையைக் கெடுத்தன. 'அன்டெலிவரபிள்' என்று தலைப்பு இருந்தால் அது தானாகவே தனியாக ஒரு அறைக்குப் போய்விடும்படி நானே ஒரு ஏற்பாடு செய்துவிட்டேன். அந்த அறைக்கு நான் வைத்த பெயர் "அப்புறம் பார்க்க". நம் வீடுகளில் பரண் இருக்கிறதே, அது மாதிரி. பரணில் போட்டதை நாம் எப்போது எடுத்துப் பார்த்திருக்கிறோம்?

அந்த அம்மாவின் ரிப்போர்ட் போய்ச் சேரவில்லை என்று கம்ப்யூட்டர் எனக்கு ஒரே நிமிஷத்தில் சொல்லியிருக்கிறது. நான்தான் அதன் வாயைக் கட்டி வைத்திருந்தேன்.

"புதுசா எழுதினீங்களா, ரிப்ளை போட்டீங்களா?"

அந்த அம்மாவையும் மகளையும் நேரே டாக்டரம்மாவிடம் அழைத்துப் போய் உட்காரவைத்தேன். ரிப்போர்ட்டைக் காகிதத்தில் எடுத்து என் கையாலேயே கொடுத்தேன். பிறகு என் சீட்டுக்கு வந்து, "அப்புறம் பார்க்க" அறையைத் திறந்தேன். நாற்பத்தொன்று கடிதங்கள். அதில் ஒன்று இது.

எங்கள் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கப் புதிதாக ஒரு பையன் சேர்ந்திருந்தான். என் தங்கை மகன் வயசு. அவனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, விலாசம் சரியாத்தானே இருக்கு? டாக்டரம்மா பேரு முழுசா தெரியுதே. ஏன் திரும்பி வந்திருக்கு?"

அவன் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அக்கா, நீங்க புதுசா விலாசம் எழுதி அனுப்புனீங்களா? இல்லே, அவங்க எப்பவோ போட்ட பழைய மெயிலைத் திறந்து ரிப்ளை அமுக்குனீங்களா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. விலாசம் எழுதச் சோம்பல்பட்டு, டாக்டரம்மா என்றோ எழுதிய ஒரு மெயிலைத் திறந்து ரிப்ளை அமுக்கி, தலைப்பை மட்டும் மாற்றிவிட்டு அனுப்புவது என் வழக்கம். உங்களில் எத்தனை பேருக்கு இந்தப் பழக்கம் இருக்கிறதோ!

"ரிப்ளைதான் தம்பி. ஆனா ரெண்டும் ஒண்ணுதானே?"

"பார்க்க ஒண்ணுதான்க்கா. உள்ளே வேற" என்று சொல்லிவிட்டு, என் முன்னாலேயே சோதித்துக் காட்டினான். முதலில் புது மெயில் ஒன்றைத் திறந்து, ஆஸ்பத்திரியின் விலாசப் பட்டியலிலிருந்து டாக்டரம்மா பெயரை எடுத்து, "சோதனை" என்று ஒரு வார்த்தை அனுப்பினான். போய்ச் சேர்ந்தது. பிறகு அவருடைய பழைய மெயில் ஒன்றுக்கு ரிப்ளை போட்டான். அடுத்த நிமிஷம் திரும்பி வந்துவிட்டது. இரண்டிலும் மேலே தெரிந்த பெயர் ஒன்றேதான்!

தபால்காரர் ரிடையர் ஆனார்

அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன்.

லால்குடிப் பக்கம் எங்கள் கிராமத்தில் அப்பாவுக்குக் கடிதம் வந்தால் உறைமேல் "வாய்க்கால் தெரு, பெரிய திண்ணை வீடு, கணக்குப்பிள்ளை" என்று மட்டும்தான் இருக்கும். பெயர் கிடையாது, கதவு எண் கிடையாது. தபால்காரர் தாத்தா கொண்டுவந்து கொடுத்துவிடுவார். அவர் ரிடையர் ஆகி, டவுனிலிருந்து புதுப் பையன் வந்தான். திண்ணையை இடித்து வீட்டையும் புதுப்பித்துவிட்டோம். அவ்வளவுதான், "விலாசதாரர் இல்லை" என்று எழுதிக் கடிதங்களைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்துவிட்டான். அவன்மேல் தப்பில்லை. அவனுக்குத் தெரிந்தது கதவு எண்ணும், 1972 ஆகஸ்ட் 15-ஆம் தேதி நம் நாட்டில் வந்த பின்கோடும்தான்.

எங்கள் ஆஸ்பத்திரி மெயிலிலும் இதே கதைதான். நாம் பார்க்கும் ஈ-மெயில் விலாசம், நடுவில் அட் குறி போட்டது, வெளி உலகத்துக்கானது. ரே டாம்லின்ஸன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1971-ல் அந்தக் குறியைத் தேர்ந்தெடுத்தார். இன்றுவரை உலகம் முழுக்க அதுதான் நடப்பு. ஆனால் எக்ஸ்சேஞ்ச் போன்ற ஆபீஸ் மெயில் அமைப்பு தன் வீட்டுக்குள்ளே ஒவ்வொருவருக்கும் வேறொரு நீளமான விலாசம் வைத்திருக்கிறது. இன்ன நிறுவனம், இன்ன பிரிவு, இன்ன ஆள் என்று சாய்கோடு போட்டுப் பிரித்து எழுதிய விலாசம். எக்ஸ்-500 என்று 1988-ல் வந்த ஒரு சர்வதேச விதிமுறையின் பாணியில் அமைந்தது அது. ஒரே ஆபீசுக்குள் ஒருவருக்கொருவர் எழுதும்போது, திரையில் பெயர் தெரியும். உள்ளே ஓடுவது இந்த நீள விலாசம்.

புது அமைப்புக்கு மாறியபோது ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒரு நீள விலாசம் உண்டாகிவிட்டது. ஆனால் பழைய மெயில்களுக்குள் பதிந்திருந்தது பழைய நீள விலாசம். காலண்டரில் பதிந்திருந்த செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்குள்ளும் அதேதான். பெயரின் முதல் இரண்டு எழுத்தை அடித்ததும் "இவரா?" என்று தானாக எடுத்துக் கொடுக்கிறதே, அந்த நினைவுப் பட்டியலுக்குள்ளும் அதேதான். புதுத் தபால்காரர் அதைப் படித்துவிட்டு, "இப்படி ஒரு திண்ணை வீடு இங்கே இல்லையே" என்று திருப்பி அனுப்புகிறார்.

வெளியூர் லேபிலிருந்து எனக்கு வந்தது மட்டும் ஏன் சரியாக வந்தது? அவர்களிடம் இருந்தது வெளி விலாசம். அதனால்தான் கோளாறு இருப்பதே வெளியே தெரியவில்லை. வெளி ஆட்களோடு பேச்சுவார்த்தை நன்றாக நடந்தது. ஒரே கூரையின் கீழ் இருக்கிற எங்களுக்குள்தான் கடிதம் தொலைந்துகொண்டிருந்தது.

பழைய பெயரையும் கதவில் எழுது

"சரி தம்பி, இதுக்கு வைத்தியம் என்ன?"

"ரெண்டு இருக்குக்கா. ஒண்ணு கை வைத்தியம், ஒண்ணு ஆபரேஷன்" என்றான்.

கை வைத்தியம் நம் போன்றவர்கள் செய்துகொள்ளக் கூடியது. பெயரின் முதல் எழுத்தை அடித்ததும் கீழே தோன்றும் பழைய நினைவுக்கு எதிரே சின்னதாக ஒரு பெருக்கல் குறி இருக்கும். அவுட்லுக்கில் அதை அமுக்கினால் அந்தப் பழைய நினைவு அழிந்துவிடும். பிறகு விலாசப் பட்டியலிலிருந்து புதிதாக எடுக்க வேண்டும். அல்லது முழு ஈ-மெயில் விலாசத்தையும் ஒரு தடவை கையால் அடிக்க வேண்டும். பழைய மெயிலுக்கு ரிப்ளை போட நேர்ந்தால், மேலே வரும் பெயரை நீக்கிவிட்டு மறுபடி எழுத வேண்டும்.

ஆனால் 130 பேர் வேலை செய்யும் இடத்தில், அத்தனை பேரும் இதை ஒழுங்காகச் செய்வார்கள் என்று நம்பி உட்கார முடியுமா? அதற்குத்தான் ஆபரேஷன். திரும்பி வந்த மெயிலுக்குள்ளேயே பழைய நீள விலாசம் மாறுவேஷத்தில் இருக்கிறது. முதலில் ஐ.எம்.சி.இ.ஏ.இ.எக்ஸ். என்று ஏழு எழுத்தும் ஒரு சிறு கோடும். அதை எடுத்துவிட வேண்டும். கடைசியில் அட் குறியும் அதற்குப் பின்னால் உள்ளதும் வேண்டாம். அடிக்கோடு இருக்கும் இடங்களில் சாய்கோடு போட வேண்டும். கூட்டல் குறியோடு 20 என்று இருந்தால் அது ஓர் இடைவெளி. 28 என்றால் அடைப்புக்குறி ஆரம்பம், 29 என்றால் அடைப்புக்குறி முடிவு. இப்படி வேஷத்தைக் கலைத்து எடுத்த பழைய விலாசத்தை, அந்த ஆளின் புதுப் பெட்டியில் எக்ஸ்-500 என்ற வகையில் கூடுதல் விலாசமாகச் சேர்த்துவிட வேண்டும்.

புது வீட்டுக் கதவில் "முன்பு பெரிய திண்ணை வீடு" என்றும் ஒரு பலகை மாட்டிவிடுவது மாதிரி! அதற்குப் பிறகு பழைய மெயிலுக்கு ரிப்ளை போட்டாலும் போய்ச் சேர்ந்துவிடும்.

"இது புதுசாக் கண்டுபிடிச்ச வைத்தியம் இல்லேக்கா. அந்த மெயில் அமைப்பைத் தயாரிச்ச கம்பெனியே எழுதி வச்சிருக்கு. மாத்தும்போதே ஒவ்வொருத்தர் பழைய விலாசத்தையும் பட்டியல் எடுத்து, புதுப் பெட்டியில சேர்த்திருக்கணும். பெட்டியைத் தூக்கிட்டு வந்தாங்க, பேரை விட்டுட்டு வந்துட்டாங்க" என்றான்.

அன்று ராத்திரி எட்டு மணிவரை அவனும் நானும் உட்கார்ந்தோம். பழைய கம்ப்யூட்டரை நல்ல வேளையாக யாரும் தூக்கிப் போட்டுவிடவில்லை. அதிலிருந்து 130 பேருடைய பழைய விலாசத்தையும் மொத்தமாகப் பட்டியல் எடுத்துச் சேர்த்தான். நான் ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்து டிக் போட்டேன். மறுநாள் ஒவ்வொருவருக்கும் பழைய மெயில் ஒன்றின் மேல் ரிப்ளை போட்டுச் சோதித்தோம். ஒன்றுகூடத் திரும்பவில்லை. "அப்புறம் பார்க்க" அறையில் கிடந்த மற்ற நாற்பதையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, யாருக்கு என்ன போகவில்லை என்று நேரில் போய்ச் சொன்னேன். கடவுள் புண்ணியம், மற்றவை கூட்டச் செய்திகளும் லீவு லெட்டர்களும்தான். பிறகு அந்த ஏற்பாட்டையே அழித்துவிட்டேன்.

அதோடு முடிந்ததா? இல்லை. இரண்டு வாரத்தில் இன்னும் சில குட்டிக் கோளாறுகள் தலைகாட்டின. ஸ்கேன் செய்த காகிதத்தைத் தானாக மெயிலில் அனுப்பும் எங்கள் ஜெராக்ஸ் மெஷின், பழைய கம்ப்யூட்டரையே தேடிக்கொண்டிருந்தது. நர்ஸ் ஒருத்தியின் செல்போன் பழைய பெட்டியையே காட்டிக்கொண்டிருந்தது. "எனக்கு ஒண்ணுமே வரலையே" என்று அவள் சொன்னபிறகுதான் தெரிந்தது. எல்லா ஊழியருக்கும் போகிற குழு விலாசத்தில், ரிடையர் ஆனவர்கள் பெயர் இருந்தது, புதிதாகச் சேர்ந்தவர்கள் பெயர் இல்லை. இதெல்லாம் தேடிப் போய்க் கேட்டால்தான் வெளிவரும். தானாக வந்து சொல்லாது.

"ஒம்போது நாளுங்க!"

அந்த அம்மாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "தப்பு எங்க பேர்லதான். ரிப்போர்ட் வந்து ஒன்பது நாள் ஆச்சு" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. "ஒம்போது நாளுங்க! எங்கம்மா சும்மா இருக்குன்னு சந்தோஷமா ஜவுளி எடுத்துக்கிட்டு இருந்திருக்கு!" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

நோய் ஆரம்ப நிலையில்தான் இருந்தது. அந்த ஒன்பது நாளால் வைத்திய முறை எதுவும் மாறவில்லை என்று டாக்டரம்மா இருவரிடமும் சொன்னார். ஆபரேஷன் நடந்தது. மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டிற்று, மறுபடி வளர்ந்தது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்கு வருகிறார். ஒன்றும் ஆகவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். அதை எங்கள் சாமர்த்தியம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அந்த மகள் அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது என் மேஜைக்கு வந்து ஒரு கேள்வி கேட்பாள். "ரிசல்ட் என்னைக்கு வரும்? அன்னைக்குப் போன் வரலைன்னா நான் யாருக்குப் போன் பண்ணணும்?" முதலில் எனக்குச் சுருக்கென்றது. யோசித்தால், எவ்வளவு நியாயமான கேள்வி! இப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் பயாப்ஸி எடுத்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டுக் கொடுக்கிறோம். "இந்தத் தேதிக்குள் போன் வராவிட்டால், இந்த நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள்" என்று எழுதி. என் மேஜையில் ஒரு நீள நோட்டு. ரிப்போர்ட் வந்த தேதி, அனுப்பிய தேதி, டாக்டர் பார்த்ததாகச் சொன்ன தேதி. மூன்றாவது கட்டம் நிரம்பினால்தான் அந்த வரி முடிந்தது.

நம் வீட்டுக்கும் இதேதான்

"இது ஆபீஸ் சமாசாரம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வீட்டு இன்டர்நெட் கம்பெனியை மாற்றினாலும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும், ஒரு ஈ-மெயில் விலாசத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகிறோம். எங்கள் வீட்டுக்காரர் ரிடையர் ஆனபோது எங்கள் வீட்டிலும் இந்தப் படலம் நடந்தது. அதில் கற்றதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

1. பழைய பெட்டியை உடனே மூடாதீர்கள். ஆறு மாதமாவது இரண்டும் இருக்கட்டும். பழையதற்கு வருவது தானாகப் புதியதற்குப் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். அப்படித் திருப்பிவிடப்பட்ட மெயில்கள் சில சமயம் 'ஸ்பாம்' குப்பைக்குள் போய் விழும். இரண்டு நாளைக்கு ஒரு முறை அதையும் கிளறிப் பாருங்கள்.

2. ஒரு நோட்டில் பட்டியல் போடுங்கள். பாங்க், இன்ஷூரன்ஸ், வருமான வரி, பி.எப்., காஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், லேப், டாக்டர் என்று, பழைய விலாசத்தை எங்கெல்லாம் கொடுத்தோமோ அத்தனையும். பழைய விலாசத்துக்கு ஓ.டி.பி. அனுப்பும் இடங்களை முதலில் மாற்றுங்கள். பழைய பெட்டி மூடிய பிறகு மாற்றப் போனால், மாற்றுவதற்கான ஓ.டி.பி.யே மூடிய பெட்டிக்குத்தான் போகும்!

3. பாஸ்வேர்டு மறந்தால் உதவிக்கு என்று ஒவ்வோர் இடத்திலும் இன்னொரு ஈ-மெயில் கொடுத்திருப்போம். அது பழைய விலாசமாக இருந்தால் அதையும் மாற்றுங்கள். இதைத்தான் எல்லோரும் மறந்துபோகிறோம்.

4. உங்கள் உறவினர், சிநேகிதிகளிடம் "புது விலாசம் இது" என்று சொன்னால் மட்டும் போதாது. அவர்கள் செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் பழைய நினைவு இருக்கும். அதை அழிக்கச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்திலும், ரிப்ளை எந்த விலாசத்துக்கு வர வேண்டும் என்ற இடத்தில் பழையது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் புதியதிலிருந்து அனுப்பினாலும், பதில் பழையதற்குப் போய்க்கொண்டிருக்கும்.

5. சோதித்துப் பார்க்கும்போது, புது மெயில் அனுப்பி "போகுது" என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். பழைய மெயில் ஒன்றுக்கு ரிப்ளை போடுங்கள். அவர்களையும் உங்களுக்கு ரிப்ளை போடச் சொல்லுங்கள். நான்கும் சரியாக இருந்தால்தான் சரி.

6. திரும்பி வந்த மெயிலைக் கண்டு மிரளாதீர்கள், என்னைப் போல் பரணிலும் போடாதீர்கள். அதில் ஓர் எண் இருக்கும். 4-ல் ஆரம்பித்தால் தற்காலிகத் தடங்கல். அனுப்பும் கம்ப்யூட்டரே மறுபடி மறுபடி முயன்று பார்க்கும். 5-ல் ஆரம்பித்தால் இனி போகாது, நாம்தான் சரி செய்ய வேண்டும். 5.1.1 என்றால் அப்படி ஒரு விலாசமே இல்லை. 5.2.2 என்றால் அவர் பெட்டி நிரம்பி வழிகிறது. பெட்டி நிரம்பியதை அவருக்கு எப்படிச் சொல்வது? போன் பண்ணித்தான்!

7. விலாசத்தில் புள்ளி விஷயத்தில் கவனம். ஜிமெயில் விலாசத்தில் பெயருக்கு நடுவே புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே பெட்டிக்குத்தான் போகும். மற்ற மெயில்களிலும் அப்படியே இருக்கும் என்று நம்பிப் புள்ளியை விட்டுவிடாதீர்கள். வேறு யாருக்காவது போய்விடும்.

8. பழைய ஜிமெயில் கணக்கைத் திறக்காமலே வருஷக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். இரண்டு வருஷம் தொடர்ந்து பயன்படுத்தாத கணக்கை அழிக்கலாம் என்று கூகுள் விதி வைத்திருக்கிறது. 2023 டிசம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. உங்கள் பேரன் பேத்தி போட்டோவெல்லாம் அதில் இருந்தால் அதுவும் போய்விடும்.

9. மிக முக்கியம்: "உங்கள் மெயில் பெட்டி புது அமைப்புக்கு மாற்றப்படுகிறது, உடனே இங்கே அமுக்கிப் பாஸ்வேர்டு கொடுங்கள்" என்று வரும் மெயிலை நம்பாதீர்கள். ஊரார் வீடு மாறும் சமயம் பார்த்துத் திருடன் லாரி கொண்டுவந்து நிறுத்துவது மாதிரிதான் இது. ஏமாந்து பணம் போய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். சைபர் மோசடிக்கு மத்திய அரசு வைத்திருக்கும் எண் அது.

இத்தனையும் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று. கம்ப்யூட்டர் "அனுப்பியாச்சு" என்று சொன்னால், அது நம் கையை விட்டுப் போய்விட்டது என்று மட்டும்தான் அர்த்தம். எதிராளி கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தமில்லை. பில், கல்யாணப் பத்திரிகை என்றால் பரவாயில்லை. உடம்பு சம்பந்தப்பட்ட ரிப்போர்ட் என்றால், அனுப்பியவர் ஒரு போன் பண்ணிக் கேட்க வேண்டும். காத்திருப்பவரும் ஒரு போன் பண்ணிக் கேட்க வேண்டும்.

போன் வரவில்லை என்றால் நல்ல சேதி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், சகோதரிகளே. போன் வரவில்லை, அவ்வளவுதான். நீங்களே எடுத்துக் கூப்பிடுங்கள். எங்கள் பக்கத்தில் யாராவது அலுத்துக்கொண்டால் அலுத்துக்கொள்ளட்டும்.